சைக்கிள் நிற்கும் நூலக அறை

டோல்கேட் பிரவுசிங் சென்டரில் இன்றும் ரீடரைத் திறந்தேன். பள்ளி நூலகர்கள் எழுதும் வலைப்பதிவுகளை அதில் சேர்த்து வைத்திருக்கிறேன். யார் எழுதினாலும் அங்கே வந்து நிற்கும். நூலகர் வேலையை நான் கற்றுக்கொண்டதே அவர்களிடம்தான்.

இன்று ஒரே ஒரு புதுப் பதிவு. மதுரைப் பக்கத்து நூலகர் ஒருவர் எழுதியது.

"என்னை ஏழாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். இனி இங்கே எழுத ஒன்றுமில்லை."

ஆறுதலாக நாலு வரி எழுதப் பார்த்தேன். முடியவில்லை. நேற்றுதான் எங்கள் பள்ளி எச்.எம். என்னிடம் நூலகச் சாவியைக் கேட்டு வாங்கினார்.

"இலவச சைக்கிள் வந்திருக்கு. மழையில நனைஞ்சா எனக்குத்தான் மெமோ. புக்கு எங்கம்மா ஓடிடப் போவுது?"

இப்போது பீரோக்களைத் திறக்க முடியாதபடி சைக்கிள்கள் சாய்ந்து நிற்கின்றன.

கிளம்பும்போது சென்டரை நடத்தும் பாய் கேட்டார். "இன்னா மேடம், லைப்ரரி போர்டுல ஒட்ட எப்பவும் பிரிண்ட் எடுப்பீங்களே, இன்னிக்கு வோணாமா?"

"போர்டு உள்ள மாட்டிக்கிச்சு பாய்."

அடுத்த வாரம் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுத்துவிடுவார்களாம். சாவியைப் பற்றிப் பேச்சே இல்லை.

பிள்ளைகள் அந்தச் சைக்கிளில் ஏறிப் போக, திருவொற்றியூர் பக்கம் திறந்திருக்கும் நூலகம் ஏதாவது இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.