இறங்கிப் போன கோடு

கையெழுத்து என்று வந்துவிட்டால் முனவ்வரா டீச்சரிடம் யாரும் வாய் கொடுக்க மாட்டார்கள். மற்றபடி அடக்கமான மனுஷி. பஸ்ஸில் இடத்துக்காக ஒருவரோடும் மல்லுக்கு நின்றதில்லை. ஆனால் ஒரு பிள்ளையின் எழுத்து கோட்டை விட்டு இறங்கியிருந்தால் போதும், அன்றைக்கு வகுப்பில் இடி விழும்.

ஊட்டி மார்க்கெட்டில் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கும் ஜலாலுதீனின் மனைவி அவள். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து எமரால்டுக்கு வந்து, அங்கிருந்து தேயிலைக்கு நடுவே ஏறுகிற பாதையில் நடந்து, பாறை மேட்டில் இருக்கும் தொடக்கப்பள்ளிக்குப் போவாள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அதே பள்ளிதான். ஊட்டிப் பக்கமே மாற்றல் கிடைத்தும் வேண்டாம் என்றுவிட்டாள். ஏன் என்று கேட்டால், "அங்க டியூசன் வெக்கறதுக்கு ஆளிருக்கு. இங்க என்ன விட்டா யாருங்க?" என்பாள். கொஞ்சம் கர்வம்தான், இருக்கட்டுமே. அவள் பெற்ற மகன் நௌமானின் எழுத்து மட்டும் கோழி கிளறியது போல இருக்கும். வீட்டில் அந்தப் பேச்சு எழுந்தால் ஜலாலுதீன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார்.

அவளிடம் படித்ததெல்லாம் எஸ்டேட் பிள்ளைகள். அவர்களுடைய தாத்தா பாட்டிமார் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்கள். வரிசை வீட்டை இன்னும் லயம் என்பார்கள், அதிலிருக்கும் அறையைக் காம்பரா என்பார்கள். பெற்றோரில் பாதிப் பேருக்குக் கையெழுத்துப் போடவே கை நடுங்கும். பள்ளிக்கூட வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, யாராவது கூப்பிடும் வரை வெளியிலேயே நிற்பார்கள். அதைப் பார்த்தால் முனவ்வராவுக்கு மனசு கேட்காது.

சின்னப் பிள்ளைக்கு விரல் பழகுவதற்கு முன்னால் தோள் பழக வேண்டும் என்பது அவள் கட்சி. நின்றுகொண்டு, கையை நன்றாக நீட்டி, சுவரில் பெரிது பெரிதாக எழுதினால் அப்புறம் நோட்டில் எழுத்து தானாக உட்காரும். பள்ளியில் இருப்பதோ ஒரே கரும்பலகை. அதனால் பெற்றோரிடம் அவரவர் வீட்டுச் சுவரைக் கேட்டாள். ஆனி மாதத்துக் கூட்டத்தில் கறுப்பு பெயின்ட்டை நடுவில் வைத்து, வீட்டுக்குக் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு போங்கள், ஒரு சுவரில் நீளமாகப் பூசுங்கள், அதன்மேல் சுண்ணாம்பில் இரட்டைக்கோடு போடுங்கள் என்றாள்.

"எழுத்தே தெரியாத நாங்க என்னத்தப் பாக்கறது டீச்சர்?" என்று கேட்டாள் ரஞ்சனி. இரண்டாம் வகுப்பு நிரோஷாவின் அம்மா, கொழுந்து பறிக்கிறவள்.

"எழுத்து தெரிய வேணாங்க. சோறு வேகற வரைக்கும் புள்ள பக்கத்துல உக்காருங்க. எழுத்து கோட்டு மேல உக்காந்திருக்கான்னு மட்டும் பாருங்க. கோடு நேரா இருந்தா எழுத்து நேரா வரும். அந்தக் கோட்ட நீங்க பாத்துக்குங்க, மத்தத நான் பாத்துக்கறேன்."

அந்த வார்த்தைதான் பின்னால் அவள் தூக்கத்தைத் தின்றது.

அதைத் தலைமேல் வைத்துக்கொண்டவன் ரஞ்சனியின் புருஷன் ஜெகதீசன். டீ பேக்டரியில் அடுப்புப் பக்கம் வேலை. சின்ன வயதிலேயே பள்ளியை விட்டு நின்றவன். தன் பெயரை எழுதும்போது இன்றைக்கும் நாக்கைக் கடித்துக்கொள்வான். மகளாவது எழுத்தில் தலை நிமிர வேண்டும் என்று ஒரே வெறி. அவர்கள் இருந்தது மேல் லயத்தில். மலையை வெட்டி, வெட்டிய மண்ணையே முன்னால் கொட்டிச் சமப்படுத்திக் கட்டிய வரிசை. பின்பாதி கெட்டித் தரையில், வாசல்பாதி கொட்டின மண்ணில். கட்டினவர்கள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள், இப்போது யாரைப் போய்க் கேட்பது? பின்னாலிருந்து வாசல் வரைக்கும் ஓடுகிற பக்கச் சுவரில் ஜெகதீசன் கறுப்படித்தான். நூலைச் சுண்ணாம்பில் தோய்த்து இழுத்துப் பிடித்துச் சுண்டி, அப்பழுக்கில்லாமல் இரட்டைக்கோடு போட்டான்.

அதற்குப் பிறகுதான் மழை பிடித்தது. வருஷா வருஷம் வருகிற மழைதான். ஆனால் அந்த வருஷம் விட மாட்டேன் என்று நின்றது. ஆடி பிறந்தும் வெயில் தலைகாட்டவில்லை. மேல் லயத்துப் பக்கம் ஒரு சில்வர் ஓக் மரம் ஆளைப் பார்ப்பதற்குக் குனிந்தது போலச் சாய்ந்திருந்தது. முனவ்வரா தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் ஏறினாள். காற்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கோடில்லாத தாள் கொடுப்பது அவள் வழக்கம். கோடு இல்லாத இடத்தில் கை தானாக நேராகப் போகிறதா என்று பார்க்க. ஒரு வெள்ளிக்கிழமை நிரோஷாவின் தாளைப் பார்த்ததும் அவளுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பாதி வரி வரைக்கும் அச்சடித்தது போல வந்த எழுத்து, நடுவில் சட்டென்று கீழே இறங்கி, அங்கிருந்து மறுபடி நேராகப் போயிருந்தது. எல்லா வரியும் அப்படியே.

"நல்லாத்தானே வந்துட்டிருந்த? நடுவுல என்ன, படி எறங்கறியா?" என்றாள். வகுப்பு சிரித்தது. நிரோஷா தலையைக் குனிந்துகொண்டாள். சாயங்காலம் மகளைக் கூட்டிப் போக வந்த ஜெகதீசனிடமும் இரண்டு வார்த்தை கடிந்தே சொன்னாள். "கோட்டப் பாத்துக்குங்கன்னு சொன்னனுங்களே." அவன் குற்றம் செய்தவனைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டான்.

அடுத்த வாரம் எழுத்து சீராகிவிட்டது. முனவ்வராவுக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். கூட்டத்தில் ஜெகதீசனை எழுந்து நிற்கச் சொல்லி எல்லாரையும் கைதட்ட வைத்தாள். மேட்டுக்கு அந்தப் பக்கம் கீழ் லயத்தில் இருக்கும் சுஜாதா, "எங்க பையனுக்கும் அந்த வித்தையச் சொல்லிக் குடுங்கண்ணே" என்றாள். ஜெகதீசன் வெட்கப்பட்டுக்கொண்டே, "ஒண்ணுமில்ல, கோட்ட அப்பப்ப சரி பண்ணிரணும்" என்றான். முனவ்வராவும் அதைக் கேட்டுத் தலையாட்டினாள். என்ன சொல்கிறான் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

மறுபடி எழுத்து இறங்கியது. மறுபடி சீரானது. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை இறங்கிய இறக்கத்தைப் பார்த்து அவளுக்குக் கோபம் வரவில்லை, என்னவோ போல் இருந்தது. ஒரு முழு எழுத்தின் உயரத்துக்கு வரி கீழே போயிருந்தது. பிள்ளைகள் கிளம்பிய பிறகு நிரோஷாவை மட்டும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

"ஏன் கண்ணு இப்படி எழுதற?"

"வீட்டுல இப்பிடித்தான் வருது டீச்சர். அப்பா இன்னைக்குப் புதுசாப் போட்டுத் தரேன்னுச்சு."

"என்னத்த?"

"கோட்ட. பழைய கோடு வாசப்பக்கம் கீழ போயிருச்சு. முன்னயும் போச்சு. அப்பா அழிச்சு அழிச்சுப் போடுது."

முனவ்வரா அந்தத் தாளை மறுபடி கையில் எடுத்தாள். சுண்ணாம்புக் கோட்டுக்குக் காலா முளைக்கும், இறங்கிப் போவதற்கு? போவது சுவர். சுவர் போகிறது என்றால் அதன் அடியில் இருக்கிற தரை போகிறது. இந்தக் குழந்தை வாராவாரம் கொண்டுவந்து காட்டியிருக்கிறது. தான் அதைத் திட்டி, அப்பனைத் திருத்தச் சொல்லி, திருத்தினதற்குக் கைதட்டலும் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். யா அல்லாஹ் என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். ஊட்டி பஸ் போனால் போகட்டும் என்று குடையை எடுத்துக்கொண்டு, நிரோஷாவின் கையைப் பிடித்து மேல் லயத்துக்கு நடந்தாள்.

வழியில் ஊற்றுத் தண்ணீரைக் கொண்டுவரும் பீலிக் குழாயிலிருந்து விழுந்த தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தது. போன வாரம் வரை அது குடிக்கிற தண்ணீர். வீட்டு வாசலில் ஜெகதீசன் கதவைத் தோளால் முட்டித் திறந்தான்.

"மழைக்கு ஊதிப்போச்சுங்க டீச்சர்" என்று சிரித்தான்.

உள்ளே ரஞ்சனி அப்போதுதான் உலையில் அரிசி போட்டிருந்தாள். முனவ்வரா உட்காரவில்லை. நேரே சுவரிடம் போனாள். நடுவில் கூரையிலிருந்து தரைவரை ஒரு வெடிப்பு ஓடியது. ஜெகதீசன் அதைச் சிமென்ட் வைத்து அடைத்து, மேலே அழகாகக் கறுப்படித்திருந்தான். கறுப்புக்கு அடியில் அழித்த கோடுகளின் சாயல் தெரிந்தது. வெடிப்புக்கு இந்தப் பக்கம் எல்லாம் ஒரே கோடாக இருந்தன. வாசல் பக்கம் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இறங்கியிருந்தன.

"ஆபீசுல சொன்னீங்களா?"

"சொன்னங்க. மழ நின்னதும் பூசித் தரோம்னாங்க. லயத்துச் சுவர் வெடிக்கறது எப்பவும் உள்ளதுதானுங்களே."

"ஜெகதீசா, இது பூச்சு சமாச்சாரம் இல்லப்பா. வீடு எறங்குது. எல்லாரும் இப்பவே ஸ்கூலுக்கு வந்துருங்க. அது பாற மேல நிக்குது."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரஞ்சனிதான் பேசினாள். "கோச்சுக்காதீங்க டீச்சர். காம்பராவ விட்டுட்டுப் போனா திரும்பக் குடுப்பாங்களா? ஒரு கோடு எறங்குச்சுன்னு சாமானத் தூக்கிட்டுப் போனா லயமே சிரிக்கும்."

அவள் சொன்னதும் நியாயம்தான். போக்கிடம் இல்லாதவர்கள் வெடிப்போடு வாழப் பழகிக்கொள்கிறார்கள். முனவ்வராவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அதட்டினால் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்தது. அதனால் பேரம் பேசினாள்.

"சரிங்க. என் கண்ணு முன்னால புதுக்கோடு போடுங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன். காலைல பாப்போம். கோடு அப்படியே இருந்தா நான் வாயத் தொறக்கல. எறங்கியிருந்தா நீங்க கெளம்பணும்."

அதற்கு ஜெகதீசன் ஒப்புக்கொண்டான். டீச்சர் முன்னால் கோடு போடுவதில் அவனுக்குப் பெருமைகூட இருந்தது. பழையதைத் துடைத்தான். நூலைத் தோய்த்தான். ஒரு முனையை ரஞ்சனி பிடிக்க, மறுமுனையை வாசல் பக்கம் இழுத்துப் பிடித்துச் சுண்டினான். இரட்டைக்கோடு பளிச்சென்று விழுந்தது. முனவ்வரா வெடிப்பு இருந்த இடத்தில் கண்ணை வைத்துப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

"எழுது கண்ணு" என்றாள்.

நிரோஷா சாக்பீஸை எடுத்துக்கொண்டு பின்மூலையில் தொடங்கினாள். மழை தகரத்தில் இரைந்தது. பிள்ளை அவசரப்படாமல், ஒவ்வோர் எழுத்தையும் கோட்டில் உட்கார வைத்துக்கொண்டே நகர்ந்தாள். ரஞ்சனி அரிசியைக் கிண்டிவிட்டு வந்து டீச்சர் சொல்லிக் கொடுத்தபடியே பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கேயோ பின்னால் கல் உருண்டது. நிரோஷா வெடிப்பைத் தாண்டிக் கையை வைத்தவள் அப்படியே நின்றாள்.

"டீச்சர், கோடு."

ஈரம் காயாத கோடு வெடிப்பில் முறிந்திருந்தது. வாசல் பக்கத்துப் பாதி ஒரு விரல்கடை கீழே நின்றது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் இறங்கியது.

"சோறு இன்னும் வேகல" என்றாள் ரஞ்சனி. எதற்கு அதைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

ஜெகதீசன் மகளைத் தூக்கிக்கொண்டு கதவை உதைத்தான். முனவ்வரா லயத்தின் நீளத்துக்கும் ஓடினாள். குடைக்கம்பால் ஒவ்வொரு கதவையும் அடித்து, வகுப்பில் போடுகிற அதே குரலில் வெளியே வரச் சொன்னாள். அதில் பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள். அந்தக் குரலுக்கு அவர்கள் எதிர்க்கேள்வி கேட்டதில்லை. கடைசிக் காம்பரா மூக்கம்மா மட்டும், ஆட்டை அவிழ்த்துக்கொண்டு வருகிறேன் என்று அடம்பிடித்தாள். ஜெகதீசன் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். ஆடு அங்கேயே நின்றுவிட்டது.

அவர்கள் பாறை மேட்டில் ஏறிக்கொண்டிருக்கும்போது சத்தம் கேட்டது. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற சத்தம் நிற்காமல் கேட்டால் எப்படி இருக்கும், அப்படி. திரும்பிப் பார்த்தால் சில்வர் ஓக் மரம் நின்றபடியே கீழே போய்க்கொண்டிருந்தது. லயம் இருந்த இடத்தில் செம்மண்ணும் புகையும்தான் இருந்தன.

வகுப்பறையில் எல்லாரையும் எண்ணிப் பார்த்தார்கள். ஆள் குறையவில்லை. ஜெகதீசன் சுவரோரம் உட்கார்ந்து தன் உள்ளங்கையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். முனவ்வரா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நீங்க சொன்னதத்தானே டீச்சர் செஞ்சேன்" என்றான் அவன். "கோடு நேரா இருக்கணும்னு சொன்னீங்க."

அவன் குரலில் குறையே இல்லை. இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"ஆமாப்பா. நான்தான் சொன்னேன்" என்றாள்.

இருட்டுவதற்கு முன்னாலேயே செய்தி மேட்டைத் தாண்டிவிட்டது. சுஜாதா ஒரு தூக்கு நிறையத் தேத்தண்ணியும் கம்பளியுமாக வந்து சேர்ந்தாள். நிரோஷாவை மடியில் இழுத்துக்கொண்டு அழுதாள். அப்புறம் எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே வந்தவள், ஜெகதீசன் இடிந்துபோய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஆறுதலாகச் சொன்னாள்.

"மனசத் தளர விடாதீங்கண்ணே. நீங்க சொல்லிக் குடுத்ததுனாலதான் எங்க பையன் எழுத்தே தேறுச்சு. போன வாரம் எங்க கோடும் எறங்கிப் போச்சு. அழிச்சுட்டு நேராப் போட்டோம். நேத்துக்கூட போட்டோம்."

முனவ்வரா டம்ளரைத் தரையில் வைத்தாள்.

"இப்ப கீழ் லயத்துல யாரு இருக்கா சுஜாதா?"

"எல்லாரும் இருக்காங்க டீச்சர். உங்களுக்குச் சேத்துதான் சோறாக்கிட்டு இருக்காங்க."

முனவ்வரா குடையைத் தேடவில்லை. அவள் எழுந்து வாசலுக்கு வருவதற்குள் ஜெகதீசன் மழைக்குள் இறங்கி ஓடிக்கொண்டிருந்தான்.