டீச்சர் கை மேல் நான் போட்ட பழி

தாம்பரம் ஏரியாவிலேயே எலெக்ட்ரிக் பவர் ஸ்டீரிங்கை முதன்முதலில் ரிப்பேர் பண்ணிய மெக்கானிக் நான்தான்.

பொய். முதன்முதலில் கெடுத்தவன் நான். நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். முதல் வரியை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள். "ஏம்பா, ஆரம்பத்துலயேவா?" என்றாள். அதனால்தான் இரண்டாவது வரி.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் படித்துச் சிரிக்கட்டும். சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் யோசிக்கட்டும்.

எண்ணெய் டப்பா தேடிய கதை

தொண்ணூறுகளின் கடைசி. கிழக்குத் தாம்பரத்தில் என் ஷெட். பள்ளிக்கூடம் பக்கம் நான் ஒதுங்கியதில்லை. கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு. ஆனால் கண்ணைக் கட்டிவிட்டால்கூட அம்பாசிடரைக் கழற்றிவிடுவேன். திரும்ப மாட்டத்தான் கண் வேண்டும்.

விமலா டீச்சர் என் கஸ்டமர். வீடு ராஜகீழ்ப்பாக்கம். குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் ஆனவர். அதிலிருந்து அவருடைய வலது கை வீங்கியே இருக்கும். அந்தக் கையால் குடம் தூக்கக் கூடாது, பஸ் கம்பியைப் பிடித்துத் தொங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேலையை விட்டுவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்த நேரத்தில், வெளிநாட்டிலிருந்து திரும்பிய அவருடைய தம்பி, கப்பலில் கொண்டுவந்த பழைய ஜப்பான் சின்னக் கார் ஒன்றை அக்காவிடம் கொடுத்தார். அதில் பவர் ஸ்டீரிங். டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு மோட்டார் உட்கார்ந்துகொண்டு, நாம் திருப்பும்போது கூடச் சேர்ந்து திருப்பும். ஒற்றை விரலில் வண்டி வளையும். அந்தக் கார் வந்த பிறகுதான் டீச்சர் மறுபடி பள்ளிக்கூடம் போனார்.

ஆயுத பூஜைக்கு அந்த வண்டி என் ஷெட்டிலிருந்து மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று போனது. மூன்று வாரம் கழித்து, மழை பிடித்துக்கொண்ட நேரத்தில், டீச்சர் அதே வண்டியோடு வந்து நின்றார்.

"அண்ணா, ஸ்டீரிங் திடீர்னு கல்லு மாதிரி ஆயிடுது. எப்பவும் இல்ல. மெதுவா போய்த் திரும்பறப்போ மட்டும். ஒரு மஞ்ச லைட் எரியுது. ஆஃப் பண்ணி மறுபடி ஸ்டார்ட் பண்ணா சரியாயிடுது."

இதைவிடத் தெளிவாக ஒரு கஸ்டமர் கம்ப்ளெயின்ட் சொல்லி நான் கேட்டதில்லை. இன்றைக்கு யாராவது இப்படிச் சொன்னால் பானெட்டைத் திறக்கும் முன்பே கோளாறைப் பாதி கண்டுபிடித்துவிடுவேன். அன்றைக்கு என்ன செய்தேன் தெரியுமா? பானெட்டுக்குள் தலையை விட்டு எண்ணெய் டப்பாவைத் தேடினேன். லாரி பவர் ஸ்டீரிங் எண்ணெயில் ஓடும். அது ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

"டீச்சர், ஆயில் ஊத்தற டப்பா எங்க கீது?"

"இதுல ஆயிலே கிடையாதுண்ணா. கரண்ட்ல ஓடுது."

"அதான் நானும் சொல்லிகினு கீறேன்" என்றேன். நான் சொல்லவே இல்லை.

டயருக்குக் காற்று ஏற்றினேன். கண்ணில் பட்ட மூட்டுக்கெல்லாம் கிரீஸ் வைத்தேன். கரண்ட் என்று சொல்லிவிட்டாரே என்று டெஸ்ட் லேம்ப் எடுத்தேன். அது வேறொன்றுமில்லை, ஒரு பல்பும் இரண்டு ஒயரும். ஒரு முனை பேட்டரி பிளஸ்ஸில், இன்னொரு முனை பாடியில். பல்பு பளிச்சென்று எரிந்தது. கரண்ட் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்புகிற பாதைக்கு எர்த் என்று பெயர். "எர்த் ஓகே" என்று எனக்கு நானே சர்டிபிகேட் கொடுத்துக்கொண்டேன்.

பிறகு டிரையல். மழை விட்டு வெயில் அடித்த பகல் பதினொரு மணி. ஹெட்லைட் இல்லை, வைப்பர் இல்லை. ஏசி போட்டால் எனக்குத் தூக்கம் வரும் என்பதால் அதுவும் இல்லை. வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது.

நான் திரும்பி வந்தபோது டீச்சருடைய வீட்டுக்காரரும் ஸ்கூட்டரில் வந்திருந்தார். "என்னப்பா கோளாறு?" என்றார்.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. வந்தது இதுதான்:

"வண்டில ஒண்ணுமே இல்ல சார். டீச்சருக்குக் கைதான் கொஞ்சம் வீக்கு. அதான் அவங்களுக்கு அப்படித் தோணுது."

"கை தாங்காதுன்னு நான் அப்பவே சொன்னேன்ல விமலா?" என்றார் அவர். கோபம் இல்லை, பயம்தான். "நீ நம்பாம இருந்தே. இப்ப மெக்கானிக்கே சொல்றாரு."

டீச்சர் தன் வலது கையைப் பார்த்தார். இடது கையால் அதை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டார். சாவியை என்னிடமிருந்து வாங்கி வீட்டுக்காரர் கையில் கொடுத்தார்.

ராஜகீழ்ப்பாக்கம் திருப்பம்

பத்து நாள் கழித்து அவருடைய வீட்டுக்காரர் ஆள் அனுப்பினார். வண்டியை விலைக்குக் கேட்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு பார்ட்டி வருகிறதாம், கழுவித் தரணுமாம். எடுக்கப் போனேன். டீச்சர் லீவில் இருந்தார். மாசக் கடைசியில் வேலையை விட எழுதிக் கொடுக்கப் போகிறார் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். "பஸ்ல எப்படிப் போவாங்க, பாவம்" என்றும் சொன்னார்.

சாயந்திரம். கொட்டுகிற மழை. ஹெட்லைட் போட்டேன், வைப்பர் போட்டேன். கண்ணாடி புகை மூடியதால் ஏசியும் போட்டேன். ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் மெதுவாக வலது பக்கம் ஒடித்தேன். பாதி திருப்பத்தில் ஸ்டீரிங் செத்தது. செத்தது என்றால், கையில் இரும்பு. எதிரே டவுன் பஸ். நான் ஜாக்கி இல்லாமல் டயர் மாற்றப் பார்த்தவன். எனக்கே பல்லைக் கடித்து, ஒரு காலை ஊன்றி இழுத்தால்தான் வளைந்தது. பஸ் டிரைவர் என் அம்மாவிலிருந்து ஆரம்பித்துப் பரம்பரையையே விசாரித்தார்.

டேஷ்போர்டில் மஞ்சள் லைட் எரிந்துகொண்டிருந்தது.

ஓரம் கட்டி உட்கார்ந்தேன். அந்த வீங்கின கை இதே இரும்பை எத்தனை நாள் தனியாக வளைத்தது என்று நினைத்தேன்.

ஷெட்டில் வண்டியைச் சுவரைப் பார்த்து நிறுத்தினேன். நின்ற இடத்திலேயே ஸ்டீரிங்கை ஒடித்தேன். ஒவ்வொரு ஒடிப்புக்கும் சுவரில் விழுந்த ஹெட்லைட் வெளிச்சம் மங்கி மங்கி எழுந்தது. பக்கத்தில் பேட்டரிக் கடை வைத்திருந்த பாயைக் கூப்பிட்டேன். அவரிடம் முள் வைத்த மீட்டர் இருந்தது. ஒரு முனையை பேட்டரி மைனஸில் வைத்தார், இன்னொன்றைப் பாடியில்.

"இப்ப ஒடி" என்றார்.

ஒடித்தேன். முள் எகிறியது.

"ரெண்டு வோல்ட்டு நடுவுல காணாப் போவுதுடா. எர்த் போல்ட்டைக் கழட்டு."

கழற்றினேன். ஒயரின் வளையத்துக்கு அடியில் பாடி தகரம் தெரியணும். தெரியவில்லை. பளபளவென்று கறுப்புப் பெயிண்ட், கரண்டை விடாத பெயிண்ட். ஆயுத பூஜைக்கு பேட்டரி தட்டைச் சுரண்டி நான் அடித்த பெயிண்ட். வண்டி அழகாக நிற்கட்டும் என்று ஒயரைக் கழற்றி, அடியிலும் இரண்டு கோட் அடித்து, மேலே போல்ட்டை முறுக்கியிருக்கிறேன். ஈரம் காயும் முன்னே முறுக்கியதால் ஓரத்தில் என் கட்டைவிரல் ரேகைகூடப் பதிந்திருந்தது. குற்றத்தைச் செய்துவிட்டுக் கைநாட்டும் வைத்த ஒரே ஆள் நான்தான்.

"என் லேம்ப் எரிஞ்சுதே பாய்?"

"பல்பு கேக்கறது ஒரு டம்ளர் தண்ணிடா. மோட்டாரு கேக்கறது ஒரு குடம், அதுவும் லைட்டு, வைப்பரு, ஏசி எல்லாம் கூடக் குடிக்கறப்போ. அடைச்ச கொழாயிலயும் டம்ளர் ரொம்பும்."

பெயிண்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, போல்ட்டை இறுக்கினேன். எல்லா லைட்டையும் போட்டு ஒடித்தேன். முள் அசையவில்லை. ஒற்றை விரலில் வளைந்தது.

பாய் மீட்டரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "ஃபியூஸு போச்சுன்னு சொல்லிடு. உன்னை இன்னா கோர்ட்டுலயா கேக்கப் போறாங்க?"

நல்ல யோசனைதான். டீச்சர் வீடு வரைக்கும் அதையே மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

சாவி

லீவிலும் டீச்சர் நோட்டு திருத்திக்கொண்டிருந்தார், இடது கையால். அவருடைய வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஃபியூஸ் என்று வாயைத் திறந்தேன். அந்த இடது கை போடுகிற கோணல் டிக்கைப் பார்த்ததும் வேறு வார்த்தை வந்துவிட்டது.

"டீச்சர், உங்க கை மேல தப்பே இல்ல. என் கைதான். பெயிண்ட்டை எர்த் மேல அடிச்சிட்டேன். தெரியாமத்தான் அடிச்சேன். ஆனா, உங்க கை வீக்குன்னு தெரியாமயே தெரிஞ்ச மாதிரி சொன்னேன்."

பேப்பர் கீழே இறங்கியது. டீச்சர் சிவப்புப் பேனாவை மூடினார்.

"பத்து நாளா தினம் இந்தக் கையைத் திட்டிட்டிருக்கேன்" என்றார். "நீங்க சொன்னது இருக்கட்டும்ணா. ஓட்டினது நான். எனக்குத் தெரிஞ்சதை நானே ஏன் நம்பல?"

அவர் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சாவி" என்று கையை நீட்டினார். வலது கை.

"விமலா, ஞாயித்துக்கிழமை பார்ட்டி…" என்றார் வீட்டுக்காரர்.

"வர வேணாம்னு சொல்லிடுங்க."

என்னை முன் சீட்டில் உட்காரச் சொன்னார். மழை விட்டிருந்தது. இருந்தாலும் ஹெட்லைட் போட்டார், ஏசி போட்டார், காய்ந்த கண்ணாடியில் வைப்பரையும் போட்டார். கணக்கு டீச்சர் அல்லவா, விடையைச் சரிபார்க்காமல் விடமாட்டார். ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷன் வந்தது. அதே திருப்பம். இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வலது கையின் இரண்டு விரலால் ஒடித்தார். வண்டி வளைந்தது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அந்த விரல்களைத்தான் பார்த்தேன். வளைந்து முடித்ததும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, என்னைப் பார்த்து…

"அண்ணா! ஓ அண்ணா!" இப்போது என் ஷெட்டிலிருந்து பையன் கூப்பிடுகிறான். "ஒரு அக்கா வந்து கீறாங்க. பிரேக்கு சரியா புடிக்கலையாம். வூட்டுக்காரரு வண்டில ஒண்ணும் இல்ல, இவங்களுக்குத்தான் ஓட்டத் தெரியலன்னு சொல்லிகினு கீறாரு."

எழுதினது போதும்மா, மீட்டரை எடு. அந்த சாருக்கு ஒரு டீ சொல்லி அனுப்பு. முதல்ல அந்த அக்கா பேசட்டும்.