சப்பாத்துச் சட்டம்

முகாமையாளர் என் செருப்பைத்தான் பார்த்தார். கீரிக் கடற்கரையில் நான் வேலை செய்த விடுதியின் பின்பக்கத்தில், வெட்டையாகக் கிடந்த தரவை நிலத்தைச் சமப்படுத்திப் போட்ட சின்னக் கோல்ஃப் மைதானத்தில், பந்து அடிக்கிற இடத்தில் நான் மட்டையோடு நின்றுகொண்டிருந்தேன். நீல வார் வைத்த இரப்பர் செருப்பு, விரல்களுக்கிடையில் மணல். கொழும்பிலிருந்து வந்த முதலாளிமார் இருவர் பந்தலுக்குக் கீழே கதிரை போட்டு இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். வேலிக்கு வெளியே, பூவரச நிழலில், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு என் அப்பா நின்றார். இத்தனை பேருக்கு நடுவில் ஒரு மனிதர் என் காலை அவ்வளவு நேரம் பார்த்ததை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. கோபமும் வருகிறது. உண்மையைச் சொன்னால், கூச்சத்தை விடக் கோபம்தான் அதிகம்.

அவரை நாங்கள் எல்லோரும் ‘மனேஜர் சேர்’ என்றுதான் கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்துக்காரர், மன்னார் பட்டினத்தில் பெண் எடுத்தவர். நேரத்துக்குக் கந்தோருக்கு வருவார், சட்டை மடிப்புக் கலையாது, தேநீர்க் கோப்பையில் விரல் அடையாளம் இருந்தால் திருப்பி அனுப்புவார். விருந்தாளிகளுக்கு ஏதாவது புதுமை காட்ட வேண்டும் என்று முதலாளிமார் விரும்ப, புல் முளைக்காத இந்தத் தீவில் கோல்ஃப் மைதானம் போடலாம் என்று யோசனை சொன்னவரும் அவரே. புல்லுக்குப் பதிலாக, ஒவ்வொரு குழியைச் சுற்றியும் எண்ணெய் பிசறிய மணலை வட்டமாகப் பரப்பினார்கள். ஆடி முடித்தவர் தன் காலடித் தடத்தைத் தானே மணல் வாரியால் இழுத்து அழித்துவிட்டுப் போக வேண்டும். இடையில் கழுதைகள் வந்து நின்றால் அவை போகும்வரை காத்திருக்க வேண்டும். மன்னாரில் கழுதைக்கு யாரும் அவசரம் காட்ட முடியாது. அந்த யோசனைக்காக அவரை நான் அப்போது மெச்சினேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தவள். எங்கள் வீடு நறுவிலிக்குளத்தில். ஆனால் நாங்கள் அந்த ஊர்க்காரர் இல்லை. இனக் கலவரத்துக்குப் பயந்து மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்த குடும்பம். வருவதற்கு முன் அப்பா அங்கே துரைமார் ஆடும் மைதானத்தில் கோல்ஃப் பை தூக்கியவர். அவரின் அப்பாவும் அதே வேலைதான். மழையில் ஊறிய புல்லில் வெறுங்காலோடு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சப்பாத்துப் போட்ட மனிதர்களுக்குப் பின்னால் நடந்து வளர்ந்தவர்கள். யாரோ ஒரு துரை வேண்டாம் என்று எறிந்த மட்டைகள் சில எங்களோடு மன்னாருக்கு வந்தன. வீட்டில் அவற்றுக்கு இருந்த உபயோகம், விளாங்காய் தட்டுவதும் மாடு கலைப்பதும்தான். அப்பா தன் வாழ்நாளில் ஒரு பந்துகூட அடித்ததில்லை. பை தூக்கியவன் மட்டையைத் தொட்டு வீசினால் அன்றே வேலை போய்விடுமாம். அதைச் சொல்லும்போது அவர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

விடுதியில் மைதானம் போட்டதும் அந்த மட்டைகளில் ஒன்றைப் பேருந்தில் கொண்டுவந்தேன். வேலை முடிந்த பிறகு, விருந்தாளிகள் கடலுக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து அடித்துப் பழகினேன். தொடக்கத்தில் மணல்தான் பறந்தது, பந்து கிடந்த இடத்திலேயே கிடந்தது. சோளகக் காற்று பந்தைத் தூக்கிக்கொண்டு போய் வேலிக்கு அப்பால் போடும். பிறகு பிறகு கை படிந்தது. முகாமையாளர் யன்னலால் பார்ப்பார், தடுக்கமாட்டார். ஒருநாள் ஊழியர்களைக் கூப்பிட்டு, முதலாளிமார் வரப்போகிறார்கள், ஆடத் தெரிந்தவர்கள் ஆடிக் காட்டலாம், விருந்தாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவரை அவர்கள் தெரிவு செய்வார்கள் என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துத் தலையும் ஆட்டினார். அந்த வேலை எனக்குக் கிடைக்க வேண்டும் என்று ஆசை இருந்தது. அதைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. பை தூக்கிய குடும்பத்தில் ஒருத்தி பந்து அடிப்பதை அப்பா ஒருதரம் பார்க்க வேண்டும். அவரிடம் சொன்னேன். எழுந்து போய்ச் சட்டையைத் தோய்க்கப் போட்டார்.

முதலாளிமார் வந்த அன்றைக்குத்தான் அந்தப் பார்வை. “சப்பாத்து எங்க?” என்றார் முகாமையாளர். இல்லை சேர் என்றேன். “கோல்ஃப் சப்பாத்து இல்லாமல் இதுக்க ஒருத்தரும் கால் வைக்கேலாது. அதுதான் சட்டம்.” அப்படி ஒரு சட்டத்தை அதுவரை நாங்கள் யாரும் கேள்விப்பட்டதில்லை. அவரே செருப்போடு அங்கே நடந்து திரிந்தவர். பிறகு என் கையிலிருந்த மட்டையை விரல் நுனியால் தொட்டு, “உந்தத் தடியால மாடு கலைக்கலாம்” என்றார். முதலாளிமார் சிரித்தார்கள். அப்போதுதான் வாகனத்திலிருந்து அவருடைய மனைவியின் அண்ணன் மகன் இறங்கினான். வெள்ளைச் சப்பாத்து, உறை கழற்றாத புது மட்டைகள், தலையில் தொப்பி. எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியவள் திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் முகாமையாளர் அதோடு விடவில்லை. அதுவரை என்னை ‘நீர்’ என்று பேசியவர், “அவன்ர பையைத் தூக்கு. உங்கட ஆக்களுக்கு அது பழக்கம்தானே” என்றார்.

நான் அசையவில்லை. அசைய முடியவில்லை என்பதுதான் சரி. வேலியோரத்துப் படலை திறக்கிற சத்தம் கேட்டது. அப்பா உள்ளே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் நேராகப் போய், அந்தப் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டார். சலவைச் சட்டையில் பை வார் பதிந்தது. அந்தப் பொடியன் குழிக்குக் குழி பந்தைத் தொலைக்கத் தொலைக்க, அப்பா வெறுங்காலோடு அவனுக்குப் பின்னால் நடந்து, கடைசிக் குழிவரை போய், மணலில் அவனுடைய சப்பாத்து ஆணிகள் போட்ட ஓட்டைகளையும் வாரி அழித்துவிட்டு வந்தார். திரும்பிப் போகிற பேருந்து தீவுப் பாலத்தைத் தாண்டியது. பிறகு, “நீ தூக்கலதானே புள்ள, அது போதும்” என்றார்.

எனக்கு அது போதவில்லை. வேலை கிடைத்த அந்தப் பொடியன் அதில் நிலைக்கவில்லை, வெளிநாட்டுக்குப் போய்விட்டான். நாட்டின் பொருளாதாரம் படுத்த காலத்தில் விடுதியும் மூடப்பட்டது. அப்பாவும் போய்ச் சேர்ந்தார். ஆனால் என் வன்மம் மட்டும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தது. மன்னிப்பதால் மனம் இலேசாகும் என்று பலரும் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். என் மனம் கனமாக இருப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சமைக்கும்போதும் உடுப்புத் தோய்க்கும்போதும் முகாமையாளரை நான் எத்தனையோ விதமாக அவமானப்படுத்திப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் முதலாளிமார் சிரிப்பார்கள், அவரைப் பார்த்து.

மூடிக் கிடந்த மைதானத்தைக் காணிக்காரர் பிறகு எங்களிடம் விட்டார். தோட்டவெளியிலிருந்து வரும் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவரும் நானும் இன்னும் சிலரும் சேர்ந்து அதைத் துப்புரவாக்கினோம். நெருஞ்சியைப் பிடுங்கி, மணலுக்குப் பழைய எஞ்சின் எண்ணெய் பிசறி, மறுபடி குழி வெட்டினோம். இப்போது சனிக்கிழமைகளில் புதியவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: சப்பாத்து வாங்க வேண்டுமா, புது மட்டை வாங்க வேண்டுமா? வேண்டாம் என்பேன். ஆணி வைத்த சப்பாத்து ஈரப் புல்லில் வழுக்காமல் நிற்பதற்கு. இங்கே ஈரம் எங்கே இருக்கிறது? எங்கள் மணல் வட்டத்தில் அது ஓட்டைதான் போடும். கால் நிலத்தில் உறுதியாக நின்றால் போதும், செருப்பு நழுவினால் கழற்றி வையுங்கள். மட்டையும் அப்படித்தான். வளையாமல் இருந்து, கைபிடி வழுக்காமல் இருந்தால் பழையதே போதும். புது மட்டை சில அடி கூடுதலாக அனுப்பும், உண்மைதான். எந்தப் பக்கம் அனுப்புவது என்று தெரியாதவருக்கு அந்தச் சில அடியால் என்ன லாபம்? நன்றாக ஆடத் தொடங்கிய பிறகு, ஆசை இருந்தால் வாங்கட்டும். இதையெல்லாம் நான் பொறுமையாகச் சொல்வேன். சொல்லும்போதெல்லாம் உள்ளுக்குள் ஒருவரோடு வழக்காடிக்கொண்டிருப்பேன்.

ஒரு சனிக்கிழமை அந்த ஒருவரே வந்து படலையில் நின்றார். முடி கொட்டி, வயிறு வற்றி, ஆனால் சட்டை மடிப்பு மட்டும் அப்படியே. காலில் அகல வார் போட்ட செருப்பு.

“பிள்ளை, சுகமோ? டொக்டர் ஒவ்வொரு நாளும் நடக்கச் சொல்லியிருக்கிறார். றோட்டில வாகனம், நாய். இதுக்க ரண்டு பந்து அடிச்சுக்கொண்டு நடக்கலாம் எண்டு வந்தனான்.”

“வாங்கோ சேர். சப்பாத்து எங்க?”

“சீனி வருத்தம் பிள்ளை, கால் வீங்குது. சப்பாத்துப் போடேலாது.”

“அப்ப கஷ்டம் சேர். கோல்ஃப் சப்பாத்து இல்லாமல் இதுக்க ஒருத்தரும் கால் வைக்கேலாது. அதுதான் சட்டம்.”

எனக்குப் பின்னால் புதியவர்கள் வெறுங்காலோடு நின்று பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பிப் போனார். அன்றைக்கு வீட்டில் இறால் வாங்கிச் சமைத்தேன். எவ்வளவு ருசி!

அந்த ருசி நிலைக்கவில்லை. அடுத்த கிழமை ரீச்சர் சிரித்துக்கொண்டே வந்தார். “உம்மைப் பற்றி மனேஜர் கோயில் வாசலில நிண்டு பெருமையாச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் பழக்கின பிள்ளை, நான் போட்ட சட்டத்தை இண்டைக்கும் விடாமல் வைச்சிருக்கிறாள், என்னையே உள்ளுக்க விடேல்லை எண்டாப் பாருங்கோவன் எண்டு.”

வாரியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். அந்த மனிதர் அடிபட்ட இடத்தைத் தடவிப் பார்த்து அதைப் பதக்கம் என்று எண்ணிக்கொண்டார். அதைவிடக் கேவலம், அந்தப் பதக்கத்தைக் குத்தியவள் நான். அவருடைய சட்டம் சட்டம்தான் என்று என் வாயாலேயே சொல்லிவிட்டேன். அது சரியென்றால் அன்றைக்கு என்னை மறித்ததும் சரி. அப்பா அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்ததும் சரி. ஊர் முழுக்க அவர் அதைத்தான் சொல்லித் திரிகிறார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவருக்கு ஆள் அனுப்பினேன். சனிக்கிழமை வந்தார். படலையை நானே திறந்து, “செருப்போடயே வாங்கோ சேர்” என்றேன். எல்லோரும் எடுத்து ஆடுகிற பழைய மட்டைகளில் ஒன்றைக் கொடுத்தேன். அப்பாவின் மட்டை வீட்டில் இருந்தது. அதை அவர் கையில் கொடுக்க எனக்கு மனமில்லை. முதல் வீச்சில் மணல் பறந்தது. இரண்டாவது பந்து காற்றுக்குக் கீழால் தாழப் பறந்து குழிக்குக் கிட்டப் போய் நின்றது. புதியவர்கள் கைதட்டினார்கள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. நான் எல்லோரையும் கிட்டக் கூப்பிட்டேன்.

“சேர், சப்பாத்து இல்லாமல் அடிக்கலாமோ?”

“அடிக்கலாம் பிள்ளை. பார்த்தனீர்தானே!”

“பழைய மட்டையால?”

“அதுக்கென்ன, நல்லாத்தானே போகுது.”

“அப்ப அண்டைக்கு நானும் அடிச்சிருக்கலாம். என்ன சேர்?”

சிரிப்பு நின்றது. மட்டையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். காற்று அவருடைய சட்டையை ஊதியது. “ஓம்” என்றார்.

“கேக்கேல்லை சேர். காத்து.”

“நீர் அண்டைக்கு அடிச்சிருக்கலாம் எண்டுறன். சப்பாத்து சும்மா சொன்ன ஒரு சாட்டு.” மட்டையை மணலில் ஊன்றிக்கொண்டு, “உம்மட அப்பாவை நான் அப்பிடிச் செய்ய விட்டிருக்கக் கூடாது” என்றார்.

ரீச்சர் என் கையைப் பிடித்தார். “சொல்லிப்போட்டார்தானே பிள்ளை. இனி விடும்” என்றார். விடுகிற ஆள் நான் இல்லை.

அவர் இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் வருகிறார். நடப்பதற்கு அவருக்கு வேறு இடம் இல்லை. கால் வீக்கம் குறைந்திருக்கிறது, அதில் எனக்கும் சந்தோஷம். அவர் நெடுங்காலம் இருக்க வேண்டும். புதியவர்கள் யாராவது வந்து சப்பாத்து வேணுமோ, புது மட்டை வேணுமோ என்று கேட்டால் முன்போல நான் நீட்டி முழக்குவதில்லை. போன கிழமையும் ஒரு தாதி வந்து கேட்டாள். “அதைச் சேரிட்டக் கேளுங்கோ” என்றேன். அவர் தூரத்துக் குழியிலிருந்து மெல்ல நடந்து வந்து, வேண்டியதில்லை என்று சொன்னார். “ஏன் சேர், முந்தி ஒருத்தியை மறிச்சனீங்களாமே?” என்று நான் எடுத்துக் கொடுத்தேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, முதலிலிருந்து கடைசிவரை, அப்பா பை தூக்கியது வரை, ஒன்றும் விடாமல் சொன்னார். நான் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றேன். கேட்க வேண்டிய அப்பா இல்லை. அவருக்கும் சேர்த்து நான்தான் கேட்கிறேன். எத்தனை தரம் கேட்டும் எனக்கு அலுக்கவில்லை.