கொண்டியைச் சொல்லாத நோட்டீஸ்

நான் எழுதிய முதல் நோட்டீஸுக்கு மூன்று போன் வந்தது. ஒருவர், கல்யாண வீட்டில் ஜூஸ் பாட்டில் போட்டுவைக்கப் பெட்டி வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டார். இன்னொன்று ராங் நம்பர். மூன்றாவது என் சித்தப்பா. நோட்டீஸில் என் நம்பரைப் பார்த்துவிட்டு நலம் விசாரிக்கக் கூப்பிட்டிருந்தார்.

முத்தையாபுரத்தில், மீன்பிடி வள்ளங்களுக்கான ஐஸ் பெட்டி தயாரிக்கும் சின்ன கம்பெனி அது. அதுவரை ஒரு பிரஸ்ஸில் கல்யாணப் பத்திரிகையும் காதுகுத்து பிளக்ஸும் டைப் செய்துகொண்டிருந்த என்னை, விளம்பரம் எழுதும் வேலைக்கு எடுத்தவர் முதலாளி செல்வராஜ் அண்ணாச்சி. 'பஃப் இன்சுலேஷன், ஃபுட் கிரேடு பிளாஸ்டிக், யு.வி. பாதுகாப்பு' என்று கேட்டலாக்கில் இருந்ததையெல்லாம் அழகான எழுத்தில் போட்டிருந்தேன். எனக்கு அதில் பெருமைகூட உண்டு.

பெட்டிகள் ஷெட்டில் கூரையைத் தொட்டு நின்றன. ஒருநாள் அண்ணாச்சி கூப்பிட்டார்.

"ஏம்மா, இந்த மாசமும் பெட்டி நகரலன்னா மோல்டிங்க நிறுத்தணும். ஆறு பேர வீட்டுக்கு அனுப்பிட்டு நான் என்ன செய்ய?"

அந்த ஆறில் நான் இல்லை. ஆனால் பெட்டியே செய்யாத கம்பெனிக்கு நோட்டீஸ் எதற்கு? ஏழாவது ஆள் நான்தான்.

1. திரேஸ்புரம்

மறுநாள் மத்தியானம், வள்ளங்கள் கரைக்கு வரும் நேரமாகப் பார்த்து திரேஸ்புரம் போனேன். அங்கே ஜெசிந்தா அக்கா பழக்கமானார். கணவர் வள்ளத்தில் போவார்; வந்த மீனை ஏலத்துக்குக் கொண்டுபோவது அக்கா. நோட்டீஸ் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"எனக்கும் வந்துச்சுளா. பஃப்புன்னு போட்டிருந்திச்சா, முட்டை பஃப்ஸ் விக்காங்கன்னு நெனச்சேன்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பஃப் என்பது பெட்டிச் சுவருக்குள் குளிரைப் பிடித்துவைக்கும் நுரை என்று சொல்லாமல் நானும் சிரித்துவைத்தேன்.

அக்கா தெர்மாகோல் பெட்டியைத் திறந்து காட்டினார். காலையில் போட்ட ஐஸ் முழுக்கத் தண்ணீர். அடியில் கிடந்த ஊளி மீன் விரல் வைத்தால் அமுங்கியது. பெட்டி சரியில்லை அக்கா என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. ஐஸ் கம்பெனிக்காரர் சரியாக உறையாத கட்டியைக் கொடுக்கிறார், அதனால்தான் உருகுகிறது என்றார். கரையில் நான் விசாரித்த அத்தனை பேரும் அதையேதான் சொன்னார்கள். ஐஸ் கம்பெனி வாசலில் போய்ச் சண்டை போட்டவர்களும் உண்டு.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. இவர்களுக்கு ஐஸ் மேல்தான் கோபம். பெட்டி அவர்கள் நினைப்பிலேயே இல்லை. பெட்டியின் பெருமையை நான் எத்தனை பக்கம் எழுதினாலும் யார் படிப்பார்கள்?

அண்ணாச்சியிடம் கேட்டு ஒரு பெட்டியை வாங்கிப்போய் அக்காவின் கணவரிடம் கொடுத்தேன். ஒரே கம்பெனி ஐஸை இரண்டாகப் பிரித்து, பாதி தெர்மாகோல் பெட்டியிலும் பாதி எங்கள் பெட்டியிலும் போட்டுக்கொண்டு கடலுக்குப் போனார். வள்ளம் திரும்பியதும் கரையிலேயே இரண்டையும் திறந்தோம். தெர்மாகோலில் வழக்கம்போலத் தண்ணீர். எங்கள் பெட்டியில் கையை விட்டால் ஐஸ் கலகலவென்றது. ஜெசிந்தா அக்கா இரண்டு பெட்டியிலும் மாறி மாறிக் கையை விட்டுப் பார்த்தார்.

"அப்போ ஐஸ்காரன் மேல தப்பில்லயா? அவன் அம்மா வரைக்கும் ஏசிட்டேனேளா."

புது நோட்டீஸில் திறந்த இரண்டு பெட்டிகளின் போட்டோவைப் போட்டேன். மேலே இரண்டே வரி: 'காலையில் போட்ட ஐஸ் மத்தியானம் தண்ணீரா? ஐஸ்காரரை ஏசும் முன் பெட்டியைப் பாருங்கள்.' கீழே போன் நம்பர். பஃப்பை எடுத்துவிட்டேன். அந்த வாரம் போன் ஓயவில்லை. மோல்டிங் நிற்கவில்லை. ஆறு பேரும் இருந்தார்கள், நானும் இருந்தேன்.

2. வேம்பார்

எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. அதே நோட்டீஸை வேம்பாருக்கும் அனுப்பினேன். பஸ் ஸ்டாப்பில் ஒட்டச் சொன்னேன், வள்ளக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் போட்டேன். ஒரு போன்கூட வரவில்லை. சித்தப்பாகூடக் கூப்பிடவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு வள்ளக்காரர் போன் செய்தார்.

"இங்கன நாங்க ரெண்டு வருசமா இந்த மாதிரி பெட்டிதான் வச்சிருக்கோம். பெட்டி சரியில்லன்னா ஐஸ் உருகும்னு எங்களுக்குத் தெரியாதா? உப்புக்காத்துல கொண்டி துருப்பிடிச்சுப் பிஞ்சிபோவுது, மூடியக் கயிறு போட்டுக் கெட்டுதோம். ஒங்க பெட்டிக் கொண்டி எப்படி? அதச் சொல்லுங்க."

பார்த்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொல்லி போனை வைத்தேன். பெட்டியைப் பற்றி இரண்டு நோட்டீஸ் எழுதியவள், அதன் மூடியை மாட்டிப் பூட்டும் கொண்டியைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கொண்டி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதைப் பிடித்திருந்த ஸ்குரூ சாதா இரும்பு.

அண்ணாச்சியிடம் சொன்னேன். கொண்டி ஸ்டீல்தானே, துருப்பிடிக்காது என்று எழுதிவிடு என்றார்.

"ஸ்குரூ துருப்பிடிச்சா அவரே மறுபடி போன் போடுவாரு அண்ணாச்சி. என்ட்டதான் பேசுவாரு."

முணுமுணுத்தார். இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் ஸ்டீல் ஸ்குரூ பாக்கெட் வந்து இறங்கியது. அதற்குப் பிறகுதான் வேம்பாருக்கு எழுதினேன்: 'கொண்டியும் ஸ்டீல், ஸ்குரூவும் ஸ்டீல். மூடி தனியாகவும் கிடைக்கும்.' ஐஸ் என்ற வார்த்தையே அதில் இல்லை. முதல் ஆர்டர் போன் செய்த அந்த வள்ளக்காரருடையது.

3. காயல்பட்டினம்

இது சின்ன விஷயம். காயல்பட்டினத்திலிருந்து ஒரு மீன் வியாபாரி கூப்பிட்டார். நான் ஐஸில் ஆரம்பித்துக் கொண்டி வரைக்கும் வந்துவிட்டேன். பொறுமையாகக் கேட்டவர், வேம்பாரில் பெட்டியைப் பார்த்துவிட்டதாகவும், வாங்குவதற்குத்தான் போன் செய்ததாகவும், வண்டி எப்போது வரும் என்று மட்டும் தெரிய வேண்டும் என்றும் சொன்னார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் நல்ல வரி எழுதுவது எப்படி என்று என்னிடம் கேட்பதுண்டு. படிக்கப்போகிறவருக்கு இப்போது எதுவரை தெரியும் என்று முதலில் போய்க் கேளுங்கள், அதற்கு அடுத்த விஷயத்தைச் சொல்லுங்கள், அதோடு நிறுத்துங்கள். நிறுத்துவதுதான் எனக்குக் கடைசியில் வந்தது. அன்று காயல்பட்டினத்துக்காரரிடம் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. "வியாழக்கிழமை" என்றேன். பெட்டி விற்றது.