உறை பிரிக்காத இதழ்கள்

திருநெல்வேலியிலிருந்து மணமாகி லாலாகுடா ரயில்வே குடியிருப்புக்கு வந்தபோது என் பெட்டியில் பாசுர நூல்கள் நான்கு இருந்தன. தெலுங்கில் ஒரு சொல்லும் தெரியாது. நாள்தோறும் பாசுரம் ஓதிய வாய்க்கு, அதன் பொருளைப் பேச ஒருவரேனும் வேண்டியிருந்தது. அந்தத் தனிமையில்தான் பாசுர உரைக்கென்று ஒரு மாத இதழைத் தொடங்கினேன். பணிமனையில் ஃபிட்டராக இருந்த என் கணவர் ஞாயிறுதோறும் சைக்கிளில் வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். பிறகு கேபிள் தொலைக்காட்சியில் வாரம் அரைமணி நேரம் உரை சொன்னேன். விளம்பரம் கேட்டுக் கடையேறவும், அச்சகத்தாரோடு தெலுங்கில் வாதாடவும் கற்றேன். நிகழ்ச்சி நின்றது. கணவர் பரமபதம் எய்தினார். இதழ் எஞ்சியது.

அட்டையில் மாதம் ஒரு திருத்தலத்துப் பெருமாளின் படம் வரும். பிளாஸ்டிக் உறையிட்டு ஆயுள் சந்தாதாரர்களுக்கு அஞ்சலில் அனுப்புவேன். வாசகர் கடிதங்கள் அருகி, ஒரு கட்டத்தில் அறவே நின்றுபோயின. இதழ் யார் கண்ணிலாவது படுகிறதா என்று கலங்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சான்று இருந்தது. எங்கள் தெருமுனையில், ரத்திக் கடை என்று இவ்வூரார் சொல்லும் பழைய பேப்பர் கடை உண்டு. அங்கே எல்லாப் பத்திரிகைகளும் கட்டுக்கட்டாகக் கிடக்கும். என்னுடையது கிடந்ததே இல்லை.

"உங்க புக்கு நல்ல வழவழ பேப்பரும்மா. பஜ்ஜி வண்டிக்காரன் கேட்டுட்டே இருக்கான். ஒண்ணுகூட வர மாட்டேங்குது," என்பார் கடைக்காரர்.

"வராதுய்யா. படிக்கிறவங்க வெச்சுப் படிக்கிற புத்தகம் அது," என்பேன். அன்று முழுவதும் நெஞ்சு நிறைந்திருக்கும்.

சென்ற ஆண்டு மல்காஜ்கிரியில் என் பழைய சந்தாதாரர் ஒருவர் காலமானார். துக்கம் கேட்கப் போனேன். புறப்படும்போது அவருடைய மகன் பூஜை அலமாரியின் அடியிலிருந்து இரண்டு பெரிய பைகளைத் தூக்கி வந்தான். உள்ளே என் இதழ்கள். ஒன்றின் உறையும் பிரிக்கப்படவில்லை. எல்லா உறைகளின் மேலும், பெருமாளின் நெற்றிக்கு நேராக, குங்குமம் இருந்தது.

"டாடிக்கு ஆறு வருஷமா கண்ணே தெரியல ஆன்ட்டி. எங்களுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. சாமி படம் இருக்கு, ரத்தில எப்படிப் போடறது? நீங்களே எடுத்துக்கோங்க, ப்ளீஸ்."

"ஒருத்தருமா பிரிக்கல?"

"ஹவ் ஆன்ட்டி," என்று இவ்வூர் வழக்கில் ஆமோதித்தான். "மம்மி வெள்ளிக்கிழமை பொட்டு வைப்பாங்க, அவ்ளோதான். ஹப்சிகுடா அத்தை வீட்லயும் இப்படித்தான் கிடக்கு. யாருகிட்ட குடுக்கறதுன்னு அவங்களும் கேட்டுட்டே இருக்காங்க."

ஆட்டோவில் அந்தப் பைகள் என் காலடியில் கிடந்தன. காலை அவற்றின் மேல் படாமல் மடக்கி வைத்துக்கொண்டு வந்தேன். எனக்கும் அந்த அச்சம்தானே. எழுத்துக்குக் காவலாகப் பெருமாளை அட்டையில் நிறுத்தியவள் நான். அவர் காத்தார். எழுத்தை ஒருவரும் தொடவில்லை.

அடுத்த இதழைப் படமில்லாமல் அச்சிட்டேன். வெள்ளை அட்டை, இதழின் பெயர் மட்டும். உள்ளே, சரணாகதி குறித்து நான் எழுதியவற்றுள் எனக்கு மிக உகந்த உரை. எங்கள் தெருவில் இதழ் போகும் நான்கு வீடுகளில் ஒரு பிரதியாவது கடைக்குப் போகாமல் தங்கிவிட்டால் போதும், தொடர்ந்து நடத்துவேன் என்று பெருமாள் சன்னிதியில் நின்று சொல்லிக்கொண்டேன். அஞ்சலில் சேர்த்த பிறகு கடைப்பக்கம் போகாமலேயே பத்து நாள் கழித்தேன்.

பதினோராம் நாள் கடைக்காரரே கூப்பிட்டார்.

"அம்மா, ஒருவழியா வந்துடுச்சு பாருங்க. நாலு வீட்லேர்ந்து."

நான்கும் உறையோடு இருந்தன. அவர் மேலே இருந்ததை எடுத்து, உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தார். காகிதத்தை விரலால் தடவிப் பார்த்து, பஜ்ஜி வண்டிக்காரனுக்காகத் தனியே எடுத்து வைத்தார்.