ஒரு குறையும் இல்லாத எலும்பு

பிலிமத்தலாவையில் மாமாவின் ஹார்ட்வெயார் கடைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது ஓர் எக்ஸ்ரே படம்தான். மேசைக்கு மேலே, டியூப் லைட்டை ஒட்டிக் கம்பி கட்டி, துணிக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார். அத்தையின் இடுப்புப் படம். தினமும் காலையில் பெயிண்ட் டின்களைத் துடைக்கிற துணியாலேயே மாமா அதையும் துடைப்பார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பல்லேகலையில் ஒரு பெக்டரி, கொழும்பில் மூட்டை தூக்குவது, பிறகு ஒரு லொறியில் கிளீனர் என்று போய்க்கொண்டிருப்பேன். எதுவும் சரிவராத போது அம்மாவின் தம்பியான இந்த மாமா வீடுதான். கடைக்குப் பின்னால் இருந்த அறைகளில் அவர்கள் குடியிருந்தார்கள். கடையில் வேலை செய்தால் சோறும், சாமான் அறையில் ஒரு பாயும் கிடைக்கும். அப்படி வந்து தங்கியிருந்த ஒரு மழைக்காலத்தில்தான் அத்தை ஏணியில் இருந்து விழுந்தாள். மேல் தட்டில் இருந்து பைப் மூட்டுகளான எல்போ பெட்டியை இறக்க அவளைத்தான் மாமா ஏற்றுவார். நான் ஏறினால் ஏணி உடையும் என்பார்.

கண்டிக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தோம். டொக்டர் அதை வெளிச்சப் பெட்டியில் செருகி, பேனாவால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். தொடை எலும்பின் தலை, பந்து போல. அது உட்காரும் குழி, கிண்ணம் போல. இரண்டுக்கும் நடுவே கறுப்பாக ஒரு மெல்லிய பிறை. அது வெற்றிடம் இல்லை, படத்தில் விழாத குருத்தெலும்பு என்றார். பந்துக்குக் கீழே எலும்பின் கழுத்து. கழுத்தின் அடிவிளிம்பில் தொடங்கி இடுப்பெலும்பு வரை வில் மாதிரி ஒரு கோடு எங்கேயும் முறியாமல் ஓடியது. வலப் பக்கமும் இடப் பக்கமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றுபோல இருந்தன. உடம்புக்குள் இவ்வளவு ஒழுங்கான ஒன்றை வைத்துக்கொண்டுதான் நாம் இப்படி அலைகிறோமா என்று எனக்குத் தோன்றியது.

"எலும்பு நோர்மலாத்தான் தெரியுது. ஆனா மயிரிழை வெடிப்பு முதல் படத்துல தெரியாமலும் போகும். காலை ஊன வேணாம். நோவு நிக்கலன்னா எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாக்கணும்," என்றார் டொக்டர். மாமாவுக்கு முதல் வாக்கியம் போதுமாக இருந்தது.

மாமா பைப் விற்கிறவர். லொறியில் வந்து இறங்கும் பைப்பை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குப் பிடித்து, உருட்டிப் பார்த்துத்தான் அடுக்குவார். கண்ணுக்கு வெடிப்பு தெரியாவிட்டால் அது நல்ல பைப். அதே கண்ணால்தான் அத்தையின் படத்தையும் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் அதைத் தொங்கவிட்டு, அத்தையைக் கடையில் நிற்க வைத்தார். அவள் உட்காரக் கதிரையைத் தேடினால், வந்த ஆட்களைக் கூப்பிட்டு, அளவெடுக்கிற அடிமட்டத்தால் படத்தைக் காட்டுவார். "பாருங்க, பந்து கிண்ணத்துல எவ்வளவு வடிவா உக்காந்திருக்கு. கோட்டைப் பாருங்க, முறிவே இல்ல. எலும்புக்கு நோகல, இவளுக்குத்தான் நோகுதாம்." ஆட்கள் சிரிப்பார்கள். தன் இடுப்பைப் பற்றி யார் யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டு, அத்தை மேசை விளிம்பைப் பிடித்தபடி நிற்பாள்.

குழாய் வேலை செய்யும் ஒரு முஸ்லிம் ஆள், எல்லோரும் நானா என்று கூப்பிடுகிறவர், அடிக்கடி வருவார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "என்ன முதலாளி, பைப்புல வெடிப்பு இருக்கான்னு தண்ணி தொறந்து உட்டாத்தானே தெரியும்?" என்றார்.

"அதுக்குத்தான் நானா, நடக்கச் சொல்றேன்," என்றார் மாமா.

அன்று சிரிப்பில் கடையே குலுங்கியது. நானா சாமானை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாமா அத்தையைப் பார்த்து, "நட, நடந்தாத்தான் சரியாகும்," என்றார். அவள் ஆணிப் பெட்டிகளுக்கும் மேசைக்கும் நடுவே நடந்தாள். அந்த வாரம் முழுவதும் நடந்தாள். ஒரு காலை நேரம், கையில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு அப்படியே சரிந்தாள். நானும் மாமாவும் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். புதிய படத்தில் பந்து கிண்ணத்திலேயே இருந்தது. அதன் கழுத்துத்தான் முறிந்து விலகியிருந்தது. வில் மாதிரி ஓடிய கோடு நடுவில் படியாக இறங்கி நின்றது. முதலிலேயே இருந்த வெடிப்பு, நடந்ததில் பிளந்துவிட்டது என்றார்கள். உள்ளே இரும்பு வைத்தார்கள். ஒரு கால் நீளம் குறைந்து கட்டையாகிவிட்டது. அந்தப் புதிய படத்தை மாமா அலுமாரியின் அடியில் போட்டார். பழையதைக் கழற்றப் போனபோது, "அது இருக்கட்டும்," என்று அத்தை சொன்னாள்.

போன வருஷம் நான் திரும்பவும் போயிருந்தேன். மழைக்கு நனைந்த கடை வாசற்படியில் மாமா வழுக்கி விழுந்தார். கால் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. பார்த்தவுடனே எனக்கு விளங்கிவிட்டது. ஓட்டோ பிடிக்க ஓடப் போனவனை அத்தை கையைக் காட்டி நிறுத்தினாள். ஊன்றுகோலைத் தட்டித் தட்டி மேசையைச் சுற்றி வந்து, அவர் தலைமாட்டில் நின்றாள்.

"முதல்ல எந்திரிச்சு நடக்கட்டும். தண்ணி தொறந்து உட்டாத்தானே தெரியும்."

சத்தம் போடாமல்தான் சொன்னாள். மாமா கதவைப் பிடித்து எழும்பப் பார்த்தார். அப்போது அவர் போட்ட சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. அவர் இரண்டாம் முறையும் முயன்றார். அதுவரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகுதான், "போ, ஓட்டோ கொண்டா," என்றாள்.

இப்போது மாமா பின்னறைக் கட்டிலில் கிடக்கிறார். கூப்பிட்டால் அத்தை போவாள், உடனே இல்லை. கடையை அவள்தான் பார்க்கிறாள், கதிரையில் உட்கார்ந்து. லைட்டுச் சூட்டில் ஓரம் சுருண்டு, படம் அதே கம்பியில் தொங்குகிறது. பந்து, கிண்ணம், நடுவே கறுப்புப் பிறை, முறியாத வில். போன மாதம் புதிதாக வந்த ஒருவர் அதை அண்ணாந்து பார்த்து, யாருடையது என்று கேட்டார்.

"என்னோடது," என்றாள் அத்தை, பின்னறைக்கும் கேட்கிற மாதிரி. "நல்லாப் பாருங்க. ஒரு குறையும் இல்ல."