ஷீட் இறங்கும் முன்பே வந்த சர்டிஃபிகேட்

1. பச்சை மை

அந்த சர்டிஃபிகேட் என் மேசைக்கு வந்த காலையில், பாதி ஷீட் இன்னும் கூரையில்தான் இருந்தது.

'கட்டடத்தை நேரில் பார்வையிட்டேன். ஆஸ்பெஸ்டாஸ் முழுவதும் அகற்றப்பட்டுள்ளது. தூசி இல்லை. குழந்தைகள் பயன்படுத்தத் தகுதியானது.' கீழே ரப்பர் ஸ்டாம்ப், பச்சை மையில் கையெழுத்து. போட்டவர் ஒரு ரிடையர்டு ஓவர்சியர். வீட்டுக் கடனுக்கு மதிப்பீடு எழுதித் தருவதுதான் அவருடைய பிழைப்பு. சைட் இருந்த தெருப் பக்கமே அவர் வந்ததில்லை. சைட்டில் தினமும் நின்றுகொண்டிருந்த எனக்குத் தெரியாதா?

இது இரண்டாயிரங்களின் நடுவில் பாண்டியில் நடந்தது. தட்டாஞ்சாவடியில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு கட்டட காண்ட்ராக்டரிடம் சைட் சூப்பர்வைசராக இருந்தேன். பெயர் கலாவதி, டிப்ளமோ சிவில். டவுனுக்குள் மதாம் செலின் நடத்திய நர்சரி பள்ளியின் பின்பக்க ஹாலில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை இற்றுப்போய், மேலேயிருந்து மாவு மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டுப் புதுக் கூரை போடுவது எங்கள் வேலை. மதாம் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். ஷீட்டை எடுத்த பிறகு, இதற்கென்று படித்த ஒருவர் கட்டடத்தைச் சோதித்துச் சரி என்று சொல்ல வேண்டும். அதுவரை பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்.

தாளை எடுத்துக்கொண்டு முதலாளி குமரவேலின் அறைக்குப் போனேன்.

"சார், இன்னும் பாதி ஷீட் மேலயே இருக்கு."

"நாளைக்கு எறங்கிடும். தேதிய நாளைக்குப் போட்டுக்க."

"அவரு வந்து பாக்கவே இல்லியே சார்."

"ஏம்மா கலா, அந்தம்மாவுக்கு ஒரு பேப்பர் வேணும். பேப்பர் வந்துடுச்சி. சீலு இருக்கு, கையெழுத்து இருக்கு. இன்னும் என்னா வேணும் உனக்கு?"

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

2. துடைப்பம்

சைட்டுக்குப் போனால் அதைவிட மோசம். ஷீட்டை நனைத்து, அதைப் பிடித்திருக்கும் ஜே போல்ட்டைக் கழற்றி, உடையாமல் முழுசாக இறக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். துருப்பிடித்த போல்ட் கழலவில்லை என்று மேஸ்திரி சுத்தியலால் அடித்து உடைத்துக்கொண்டிருந்தார். கீழே அஞ்சலை, முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு, உலர்ந்த தரையைத் துடைப்பத்தால் பெருக்கினாள். தவளக்குப்பத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவள். ஜன்னல் வெளிச்சத்தில் அவளைச் சுற்றிப் புகைபோலத் தூசி நின்றது.

"அஞ்சலை, பெருக்காத! தண்ணி தெளி!"

"தண்ணி தெளிச்சா சேறாயிடும், பெருக்கித் தள்ளுன்னு மேஸ்திரி சொன்னாரு மேடம்."

வேலையை நிறுத்தி, ஹோஸ் போட்டு எல்லாவற்றையும் நனைக்கச் சொன்னேன். ஆனால் அதற்கு முந்திய இரண்டு நாளும் நான் எங்கே போனேன்? அங்கேதான் இருந்தேன். மேஸ்திரி அனுபவசாலி, பார்த்துக்கொள்வார் என்று வெளியே சிமென்ட் லோடு இறக்கிக்கொண்டிருந்தேன். இந்தக் கதையில் என் மேலும் எனக்குக் கோபம் உண்டு.

அன்று மதியமே மதாம் வீட்டுக்குப் போய் நடந்ததை அப்படியே சொன்னேன். தாளையும் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எங்க முசியே, என் வீட்டுக்காரரு, பிரான்சுல கப்பல் பட்டறையில இருந்தவரு. அங்க இதுக்கு அமியாந்த்னு பேரு. வேலைய விட்டு இருபது வருசம் கழிச்சி மூச்சு முட்ட ஆரம்பிச்சிது. கடைசியில படுக்கவே முடியாது, உக்காந்துகிட்டேதான் தூங்குவாரு. எனக்குப் பேப்பரா வேணும்?"

பிறகு சொன்னார்: "நீயே ஒரு ஆளைத் தேடு. உங்க முதலாளிக்கு வேண்டப்பட்டவரா இருக்கக் கூடாது. முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்."

3. மூன்று போன்கள்

முதலில் பாண்டியிலேயே ஒரு கன்சல்டன்ட். "ஆஸ்பெஸ்டாஸ் தானே? பண்ணிடலாம். என்னா ரிசல்ட் வேணும்னு சொல்லுங்க" என்றார். போனை வைத்துவிட்டேன்.

இரண்டாவது, தொழிற்சாலைப் புகையைச் சோதிக்கும் ஒரு நிறுவனம். "எங்க மிஷின் புகைக்கானது மேடம். ஆஸ்பெஸ்டாஸ் தூசியில இருக்கற நாருங்கள மைக்ராஸ்கோப்ல எண்ணணும். அதுக்கு எங்ககிட்ட ஆள் இல்ல" என்று அங்கிருந்தவர் சொன்னார். தெரியாது என்று சொல்லத் தெரிந்த மனிதர். சென்னையில் ஒரு லேபின் போன் நம்பரையும் அவரே கொடுத்தார்.

அங்கே பேசியவர் வசந்தா. நான் கேட்பதற்கு முன் அவர் கேட்டார்.

"ஷீட்ட எறக்கினது யாரு?"

"எங்க கம்பெனிதான் மேடம்."

"அப்ப உங்ககிட்டேந்து நான் ஆர்டர் வாங்க முடியாது. கட்டடம் யாருதோ அவங்க எழுதட்டும். ரிப்போர்ட்டும் அவங்க கைக்குத்தான் போகும்."

நானும் விடவில்லை. எங்கே பயிற்சி எடுத்தீர்கள், நார்களை எண்ணப்போவது யார், உங்கள் லேபை வெளியாள் யாராவது சோதிக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் எரிச்சல்படவில்லை. மறுநாளே எல்லாவற்றுக்கும் நகல் அனுப்பினார்.

4. ஈரத் துணி

வசந்தா வந்த அன்று ஹால் பளிச்சென்று இருந்தது. புதுக் கூரை போட்டாகிவிட்டது. சுவருக்கு அவசர அவசரமாக வெள்ளை அடித்து, குமரவேல் வாசலில் இளநீரோடு நின்றார்.

வசந்தா இளநீரைத் தொடவில்லை. மாஸ்க்கும் உடம்பு முழுக்க மூடும் கவர்ஆலும் மாட்டிக்கொண்டு, டார்ச்சோடு ஏணியில் ஏறினார். சுவரின் மேல் விளிம்பை ஈரத் துணியால் ஒரு இழுப்பு இழுத்தார். துணி சாம்பல் நிறமானது. ஃபேன் கப்புக்குள், சுவிட்ச் போர்டுக்குப் பின்னால், ஜன்னல் இடுக்கில், எங்கே தொட்டாலும் அதே சாம்பல். பிறகு பின்வாசலுக்குப் போய், பிள்ளைகள் விளையாடும் மணல் குவியலைக் குச்சியால் கிளறினார். கை அகலத்துக்கு ஷீட் துண்டுகள் வந்தன. உடைந்ததை அள்ளி எடுத்துப் போகாமல், எங்கள் ஆட்கள் மேலே மணலைத் தள்ளி மூடியிருந்தார்கள்.

"ஃபெயில்" என்றார் வசந்தா.

குமரவேல் கத்தினார். "மெட்ராஸ்லேருந்து வந்து துணியால தொட்டுட்டு ஃபெயில்னு சொல்லுவியா? காத்த இழுக்கற பம்பு எடுத்துட்டு வந்திருக்க இல்ல? காத்த டெஸ்ட் பண்ணு, அப்பறம் பேசு!"

"கண்ணுக்குத் தெரியற தூசியே இருக்கு. காத்த எதுக்கு சார் அளக்கணும்?" வசந்தா குரலை உயர்த்தவில்லை. "இன்னிக்கு ஃபேன் ஓடல, ஜன்னல் மூடியிருக்கு. அளந்தா நல்ல நம்பர்தான் வரும். நாப்பது கொழந்தைங்க உள்ள ஓடினா அந்த நம்பர் இருக்குமா?"

குமரவேல் என்னைப் பார்த்தார். "எல்லாம் உன்னாலதான்." மதாம் அவருக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார். "அவளை எதுக்குத் திட்டுறீங்க? துண்டுங்கள மணல்ல பொதைச்சது அவளா?"

அவர் இளநீரை வாசலிலேயே வைத்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

5. பிறகு

ஈரத் துணியாலும், நுண்தூசி பிடிக்கும் வாக்குவம் ஒன்றை வரவழைத்தும், ஹாலை மேலிருந்து கீழ்வரை சுத்தம் செய்தோம். இந்த முறை எல்லோருக்கும் சரியான மாஸ்க். மணலை முழுதாக மாற்றினோம். வசந்தா மறுபடி வந்து இண்டு இடுக்கெல்லாம் பார்த்தார். பிறகு, பிள்ளைகள் ஓடினால் எழும் தூசி இப்போதே எழட்டும் என்று, அவரே துடைப்பத்தால் தரையைத் தட்டிக் காற்றைக் கலக்கிவிட்டுப் பம்பை ஓடவிட்டார். நான்காம் நாள் ரிப்போர்ட் வந்தது, பாஸ். பள்ளி இரண்டு வாரம் தாமதமாகத் திறந்தது. பெற்றோர்கள் மதாமைத் திட்டினார்கள்.

அந்த மாதமே என்னை வேலையை விட்டு அனுப்பினார்கள். மேசையைக் காலி செய்யும்போது பழைய ஃபைல் ஒன்றைப் புரட்டினேன். ஒரு தொழிற்சாலை கேன்டீன். அதே ஓவர்சியர், அதே பச்சை மை, அதே நான்கு வரி. 'குழந்தைகள்' இருந்த இடத்தில் 'தொழிலாளர்கள்', அவ்வளவுதான். அங்கே எத்தனை பேர் உட்கார்ந்து சாப்பிட்டார்களோ! நகல் எடுத்து அந்தத் தொழிற்சாலைக்கும் தொழிற்சாலைகளைக் கண்காணிக்கும் அரசு ஆபீசுக்கும் அனுப்பினேன். இன்றுவரை பதில் இல்லை.

கிளம்பும்போது அஞ்சலை கேட்டாள்: "கட்டடம் பாஸாயிடுச்சின்னு சொன்னாங்க மேடம். நாங்க?"

அவளையும் மேஸ்திரியையும் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுக்க வைத்தேன். ஒன்றும் இல்லை என்றார்கள். இந்த நோய் வருஷக்கணக்கில் ஒளிந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே, வருஷத்துக்கு ஒருமுறை கட்டாயம் வந்து பார்க்க வேண்டும் என்று சொன்னேன். அவளுடைய கேள்விக்கு அது பதிலாகாது.

அதற்குப் பிறகு பல சைட் பார்த்துவிட்டேன். ஷீட் எடுத்த கட்டடத்தைச் சோதிக்க ஆள் தேடும்போது, படிப்பு, பயிற்சி, லேப் எல்லாவற்றையும் விசாரிப்பேன். அதோடு ஒரு கேள்வியும் கேட்பேன்.

"கடைசியா எந்தக் கட்டடத்த ஃபெயில் பண்ணீங்க?"

சிலர் உடனே, என்ன குறை கண்டார்கள் என்பதுவரை சொல்லிவிடுவார்கள். சிலர் சிரித்துவிட்டு, "நம்மகிட்ட வந்தா எல்லாமே பாஸ்தான் மேடம்" என்பார்கள்.

அவர்களுக்கு நன்றிகூடச் சொல்லாமல் போனை வைத்துவிடுவேன்.